உங்களிடம் போர் எந்த வழியாக வந்தது?

செகண்ட் ஆபீசர், தூத்துக்குடி

செய்திச் சேனலில் ஈரான் சண்டை என்று வரைபடம் வைத்து சிவப்பு அம்பு போடுகிறார்களே, அந்த அம்பு குறுக்கே போகிற கடலில்தான் என் பிழைப்பு. டேங்கர் கப்பல். போர் வந்தால் குண்டாக வரும் என்று நினைத்திருந்தேன். என்னிடம் அது முதலில் ரேடியோவில் ஒரு குரலாக வந்தது, அப்புறம் ஒரு காகிதமாக.

2019 ஜூலைக் கடைசி, ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே உள்ள ஹோர்முஸ் நீரிணை. குறுகலான இடத்தில் 21 கடல் மைல் அகலம். ஆனால் கப்பல்களுக்கு ஒதுக்கிய பாதை போக 2 மைல், வர 2 மைல்தான். உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாக வந்துகொண்டிருந்த காலம். மே மாதமே அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகம் அருகே நான்கு கப்பல்களைச் சேதப்படுத்தியிருந்தார்கள். ஜூலை 4 அன்று ஈரான் எண்ணெய் ஏற்றிய ஒரு கப்பலை, ஐரோப்பாவில் தன் வசமுள்ள ஜிப்ரால்டரில் பிரிட்டன் பிடித்தது. 19ஆம் தேதி பிரிட்டிஷ் கொடியோடு வந்த ‘ஸ்டெனா இம்பெரோ’வை ஈரான் பிடித்தது. அதில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். ஜிப்ரால்டரில் பிடிபட்ட கப்பலிலும் நம்ம ஆட்கள்தான். சண்டை லண்டனுக்கும் டெஹ்ரானுக்கும், மாட்டிக்கொண்டது இரண்டு பக்கமும் நாங்கள்!

அதற்குச் சில நாள் கழித்து நாங்கள் உள்ளே போகிறோம். எல்லாக் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ சேனல் 16இல் குரல் வந்தது. கப்பல் பெயர் என்ன, எந்தக் கொடி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள். ஈரான் கடற்படை எப்போதும் கேட்கிற கேள்விகள்தான். எங்கள் கேப்டன் ஒவ்வொரு பதிலுக்கும் ‘சார்’ போட்டார். அந்த மனிதர் வேறு யாரையும் சார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நம்ம கப்பல் பதிவாகியிருப்பது மார்ஷல் தீவில், கொடியும் அதுதான், பிரிட்டிஷ் இல்லை, பயமில்லை என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டோம். 2023 ஏப்ரலில் ‘அட்வான்டேஜ் ஸ்வீட்’ கப்பல் ஈரானிடம் பிடிபட்டது. அதிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். கொடி? மார்ஷல் தீவு.

காகிதம் வந்தது 2024இல். செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதிப் படையினர், ஈரான் ஆதரவு உள்ளவர்கள், ஏவுகணையும் ட்ரோனும் விட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 6 அன்று ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் மூன்று மாலுமிகள் செத்தார்கள். அந்த மாதமே தெற்குச் செங்கடலைப் போர்ப் பகுதி என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்பும் சேர்ந்து அறிவித்தன. அவர்களுக்குள் போட்ட சம்பள ஒப்பந்தத்தில் உள்ள கப்பல் என்றால், போக மாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு, கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். போகிறவனுக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இன்னொரு மடங்கு. செத்தால் இழப்பீடும் இரண்டு மடங்கு. இதையெல்லாம் வாசித்துக் காட்டி, சம்மதமா இல்லையா, கையெழுத்துப் போடு என்று கேப்டன் ஒரு படிவத்தை நீட்டினார்.

அன்று ராத்திரி கப்பலே ஊமையாகிவிட்டது. நான் வீட்டுக்குப் போன் செய்து மழை வந்ததா என்று கேட்டேன். படிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான எங்கள் போசனுக்கு மகள் கல்யாணம். அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேர் மறுத்தார்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பக்கம் போன சில கப்பல்கள், தாங்கள் யார், எங்கே என்று மற்றவர்களுக்குக் காட்டுகிற ஏஐஎஸ் கருவியில், போகிற துறைமுகத்தின் பெயர் போட வேண்டிய இடத்தில் ‘இஸ்ரேலுடன் தொடர்பில்லை’ என்று எழுதி வைத்திருந்தன. ஆட்டோவின் முதுகில் எழுதுவது மாதிரி.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில். ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போங்கள் என்று. பன்னிரண்டு நாள் கூடுதல், ஆனால் உயிருக்கு உத்தரவாதம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: கையெழுத்துப் போட்டவர்கள் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. என் முகத்திலும்தான். போனஸ் போச்சே.

தோஹா வாசி

எனக்கு நேராக வானத்திலேயே வந்தது. 2025 ஜூன் 23. ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கிய மறுநாள். சாயந்தரம் கத்தார் வான்வெளியை மூடிவிட்டதாகச் செய்தி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அன்று ராத்திரி சென்னைக்கு டிக்கெட், பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அமெரிக்காவின் அல் உதெய்த் ராணுவத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டிருக்கிறது. மொட்டை மாடிக்கு ஓடினால் அந்தப் பக்கம் வெளிச்சம் வெளிச்சமாக ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வீடியோ எடுக்கிறார். என் சின்னவன் பட்டாசு என்று கை தட்டினான். நள்ளிரவு தாண்டி வான்வெளியைத் திறந்தார்கள். அவ்வளவுதான், அடுத்த நாள் ஆபீஸ் போனேன்.

ஹட்டன் பிள்ளை, இப்போது கொழும்பு

எங்களிடம் தேயிலைப் பெட்டியில் வந்தது. ஈரான்காரர்கள் சிலோன் டீயை விரும்பிக் குடிப்பவர்கள். அமெரிக்கத் தடை வந்தபின் அவர்களிடம் காசு வாங்குவது பெரும்பாடு. நான் வேலை பார்க்கும் தேயிலை ஏற்றுமதி ஆபீஸில், ஈரான் என்ற சொல் இன்வாய்ஸில் இருந்தாலே வங்கியிலிருந்து பத்துக் கேள்வி வரும். இதற்கிடையில் இலங்கை 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு ஈரானுக்கு 251 மில்லியன் டாலர் பாக்கி. கட்டலாம் என்றால் தடை, பிறகு எங்களிடம் டாலரும் இல்லை. கடைசியில் 2021 டிசம்பரில் ஒப்பந்தம்: மாதம் 5 மில்லியன் டாலருக்குத் தேயிலை அனுப்பிக் கழித்துக்கொள்வது. இங்கே ஏற்றுமதிக்காரருக்கு ரூபாய், அங்கே வாங்குபவர் கட்டுவது ரியால்.

அம்மா ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்போது நாட்கூலி 1000 ரூபாய். நீங்கள் பறிக்கிற கொழுந்தில்தான் நாடு எண்ணெய்க் கடன் அடைக்குது என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா கேட்டார்: “அந்த எண்ணெய நாங்களா குடிச்சோம்?”

மோட்டார்மேன், ராமநாதபுரம்

அண்ணே, நீங்கள் ஒப்பந்தம் உள்ள கப்பலில் போனவர். நான் போனது வேறு மாதிரி, தடைக்குத் தப்பி ஒளிந்து எண்ணெய் ஏற்றுகிற கப்பல். ஏஜென்ட் ஒன்றரை மடங்கு சம்பளம் என்றார். கப்பலுக்கு 20 வயது தாண்டிவிட்டது. ஏறும்போது பக்கவாட்டில் ஒரு பெயர் இருந்தது, அதற்கு அடியில் பழைய எழுத்து மேடாகத் தெரிந்தது. மலேசியாவின் ஜோகூருக்குக் கிழக்கே நடுக்கடலில் இன்னொரு கப்பலோடு பக்கவாட்டில் அணைத்துக் கட்டி, குழாய் போட்டு ராத்திரி முழுக்க எண்ணெய் மாற்றுவோம். ஏஐஎஸ்ஸை அணைத்துவிடுவார்கள். இன்ஜின் ரூமில் இருப்பவனுக்கு யார் எண்ணெய், யாருக்குப் போகிறது, ஒன்றும் தெரியாது. கேட்கவும் கூடாது.

ஆறாம் மாதம் அமெரிக்கா அந்தக் கப்பலைத் தடைப் பட்டியலில் போட்டது. போட்டது கப்பலைத்தான், எங்களை இல்லை. ஆனால் எங்கள் சம்பளம் வங்கியோடு நின்றுவிட்டது. அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது என்றார்கள். நிஜமா பொய்யா, யாரைக் கேட்பது? நான்கு மாதம் நங்கூரத்திலேயே கிடந்தோம். முதலில் காய்கறி தீர்ந்தது, அப்புறம் டீசலை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்தினார்கள். நடுவில் ஒருநாள் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து, கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு பெயரை மாற்று என்றார்கள். மாற்றினேன். இறங்கும்போது இரண்டு மாதச் சம்பளத்தைத் திர்ஹமாகக் கையில் கொடுத்தார்கள். மீதி இன்னும் வரவில்லை.

செகண்ட் ஆபீசர், தூத்துக்குடி

தம்பி, சம்பளப் பாக்கிக்கு முறையீடு செய்ய வழி உண்டு, தனியாகப் பேசுவோம். கடற்பணிச் சான்றிதழாவது கொடுத்தார்களா? அடுத்த பரீட்சைக்கு அது வேண்டுமே.

மோட்டார்மேன், ராமநாதபுரம்

கொடுத்தார்கள் அண்ணே. அதில் கப்பல் பெயர் என்று நான்காவதாக ஒன்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரை நான் பெயிண்ட் அடிக்கவே இல்லை.