ரோத் கன்வெர்ஷனால் வருமான வரம்பைத் தாண்டிவிட்டேனா?

கேள்வி
வணக்கம். நானும் மனைவியும் நியூ ஜெர்சியில் இருக்கிறோம், வரி சேர்ந்தே தாக்கல் செய்கிறோம். 2025 ஜனவரியிலேயே ஆளுக்கு 7,000 டாலர் ரோத் ஐஆர்ஏவில் (வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) போட்டுவிட்டோம். ஆகஸ்ட்டில் என் பழைய டிரெடிஷனல் ஐஆர்ஏவில் (எடுக்கும்போது வரி கட்டும் கணக்கு) இருந்த 30,000-ஐ ரோத்துக்கு மாற்றினேன், அதாவது கன்வெர்ஷன் செய்தேன். செக் என் பெயரில் வந்தது, அடுத்த வாரமே ரோத்தில் கட்டிவிட்டேன். இப்போது அதுவும் சேர்ந்து எங்கள் ஏஜிஐ (வரிக்கான சரிக்கட்டிய மொத்த வருமானம்) 251,000. ரோத்தில் போட 2025-க்கான வருமான வரம்பு 246,000 என்பதால் நாங்கள் போட்ட 14,000-மும் அதிகப்படி, அதற்கு 6 சதவீதம் அபராதம் 840 டாலர் என்கிறது டாக்ஸ் சாஃப்ட்வேர். வயது 44 என்பதால், ஐஆர்ஏ பணத்தை முன்கூட்டியே எடுத்ததற்கு 10 சதவீத அபராதம் வேறு தனியாம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. போட்ட பணத்தை எடுத்துவிடட்டுமா?

பதில் 1
எடுக்காதீர்கள், பொறுங்கள். ரோத்தில் போடத் தகுதி பார்க்கும்போது, ஏஜிஐயிலிருந்து கன்வெர்ஷன் தொகையைக் கழித்துவிட வேண்டும். வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வெளியீடு 590-ஏ-வில் கணக்குத் தாளே இருக்கிறது. கழித்தால் 221,000. உங்களுக்கு 236,000 வரை முழுத் தொகையும் போடலாம், அதற்கு மேல் 246,000 வரை அது குறைந்துகொண்டே போகும்.

அந்த 10 சதவீதம்தான் எனக்கு உறுத்துகிறது. கன்வெர்ஷனுக்கு அது கிடையாது. செக் உங்கள் பெயரில் வந்ததால், ஐஆர்ஏவிலிருந்து பணம் எடுத்ததைக் காட்டும் 1099-ஆர் படிவத்தின் ஏழாம் கட்டத்தில் 1 (முன்கூட்டியே எடுத்தது) என்று இருக்கும். பணத்தை என்ன செய்தீர்கள் என்ற சாஃப்ட்வேரின் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தீர்கள்? கன்வெர்ஷனைக் காட்டும் ஃபார்ம் 8606-இன் இரண்டாம் பகுதி காலியா என்று பாருங்கள். காலி என்றால் சாஃப்ட்வேர் அதைக் கன்வெர்ஷனாகவே எடுக்கவில்லை.

கேட்டவர்
காலிதான்! "எடுத்துக்கொண்டேன்" என்று கொடுத்திருக்கிறேன். அந்தப் பதிலை மாற்றியதும் 840 போய்விட்டது. ஆனால் 10 சதவீதத்தில் 300 டாலர் மட்டும் நிற்கிறது. செக் 27,000-க்குத்தான் வந்தது, அதனாலா?

பதில் 2
ஆமாம். மீதி 3,000 வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொண்ட தொகை (பிடித்தம்), அது ரோத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே உங்கள் கன்வெர்ஷன் 27,000 மட்டுமே. கழித்தால் 224,000, இன்னும் வரம்புக்குள்தான். அந்த 3,000-ஐ 60 நாளுக்குள் கைக்காசிலிருந்து ரோத்தில் போட்டிருந்தால் 300 வந்திருக்காது. அடுத்த முறை பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நேரடியாகவே மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, இந்தக் கழிவு ரோத் தகுதிக்கு மட்டும்தான். 3.8 சதவீத முதலீட்டு வருமான வரிக்கு 251,000-ஐ அப்படியே எடுப்பார்கள். வரம்பு 250,000. வட்டியும் டிவிடெண்டும் 1,000-க்கு மேல் இருந்தால் 38 டாலர் வரும்.

கேட்டவர்
அந்த 38-ம் வந்திருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். 300-ஐயும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். 14,000 ரோத்திலேயே இருக்கட்டும். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.