35 வயதில் சாதாரண தரத்தை மீண்டும் எழுதுவதா, நேரே திறந்த பல்கலைக்கழகத்துக்குச் செல்வதா?

கேட்பவர்: மேற்பிரிவு, தலவாக்கலை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் 14 ஆண்டுகளாகக் கொழுந்து பறித்து வருகிறேன். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே ஒரு தடவை, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றி, ஐந்து பாடங்களில் சித்தியடைந்தேன். தமிழுக்கும் சைவநெறிக்கும் வரலாற்றுக்கும் ‘சி’ (திறமைச் சித்தி) கிடைத்தது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றும் ‘டபிள்யூ’ (சித்தியில்லை). அந்த ஆண்டே அப்பாவுக்கு நோய் கண்டதால் அத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன்; பின்னர் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்து வேலைக்குச் சென்றேன்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பராமரிக்கும் இடம்) ஒரு பொறுப்பாளரைத் தேடினார்கள். நான் விண்ணப்பிக்க விரும்பியபோது, சாதாரண தரத்தில் ஆறு பாடங்கள் இருக்க வேண்டும் என்று கூறிவிட்டார்கள். ஒரே ஒரு பாடத்தால் தவறிப்போன அந்த வேலையை நினைத்துப் பல இரவுகள் நான் உறங்கவில்லை. அன்றிலிருந்து படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மகள் தரம் 9இலும் மகன் தரம் 4இலும் படிக்கிறார்கள். காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) சென்றால் மாலை கொழுந்து நிறுத்து முடித்து வீடு வந்து சேர ஐந்து மணியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. திறந்த பல்கலைக்கழகத்தில் சேர உயர்தரம் (தரம் 13 முடிவில் எழுதும் பரீட்சை) கூடத் தேவையில்லை என்று ஒருவர் கூறினார். அப்படியானால் சாதாரண தரத்தை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிடலாமா? கணிதத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நான் போடும் கணக்கெல்லாம் தினமும் பறித்த கிலோவை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்து, மாத முடிவில் சம்பளத் துண்டோடு சரிபார்ப்பது மட்டுமே. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: பண்டாரவளை வாசகி

தங்கச்சி, உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நம்மைப் போன்று வேலை செய்துகொண்டே படிக்க விரும்புபவர்களை மனத்தில் வைத்தே நடத்தப்படுகிறது. உயர்தரம் இல்லாதவர்களுக்கு அங்கே அடிப்படைக் கற்கைநெறி உண்டு. 18 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம், அதை முடித்தவர்கள் பட்டப்படிப்பை நோக்கிச் செல்லலாம். தலைமை வளாகம் நாவலையில் இருந்தாலும் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஹட்டனிலும் கற்கை நிலையம் உண்டு என்பதால் உங்களுக்குத் தூரம் அவ்வளவு பெரிய தடையாகாது.

நான் 31 வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக, கூட்டுறவுக் கடையொன்றில் வேலை செய்துகொண்டே அந்த அடிப்படைக் கற்கைநெறியில் சேர்ந்து, இப்போது சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்பில் இருக்கிறேன். பாடநூல்கள் கைக்கு வந்துவிடும், வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் ஒப்படைகளை (வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய பயிற்சிகள்) உரிய நாளில் கொடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு அமரவே தகுதி கிடைக்காது; நான் முதல் ஆண்டில் ஒரு பாடத்தை அப்படித்தான் இழந்தேன். மகனுக்குக் காய்ச்சல் என்று ஒப்படையை ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்கு, அந்தப் பாடத்துக்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. கட்டணத்தை எடுக்கும் பாடங்களுக்கு ஏற்பச் செலுத்தலாம். முதல் ஆண்டில் குறைவாக எடுங்கள். உங்கள் பாடம் தமிழ் மொழிமூலம் எந்த மட்டம் வரை நடக்கிறது என்பதைப் பதிவதற்கு முன்பே நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், சாதாரண தரத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகளைச் செலவிடாமல் நேரே அங்கே சேருங்கள் என்றே சொல்வேன்.

பதில் 2: கணித ஆசிரியர், கொட்டகலை

பண்டாரவளைச் சகோதரியின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. கேள்வி கேட்ட சகோதரி நாடுவது ஒரு குறிப்பிட்ட பதவியை. அந்தப் பதவி கேட்பது சாதாரண தரத்தில் ஆறு பாடங்களை. பல ஆண்டுகள் செலவிட்டுப் பட்டமே பெற்றாலும், விண்ணப்பப் படிவத்தில் சாதாரண தரப் பெறுபேறு என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரச பதவிகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள்: எத்தனை பாடங்கள், எவற்றில் திறமைச் சித்தி, எத்தனை தடவைகளில் என்று விரிவாகக் கேட்டிருப்பார்கள், வயதெல்லையும் இருக்கும். 35 வயதில் அந்த வயதெல்லையை முதலில் பார்ப்பது மிக முக்கியம். ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி, முடிக்கும்போது வயது கடந்துவிட்டதை அறிந்து மனமுடைந்த ஒரு சகோதரரை எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒரே ஒரு தடவை மட்டும் பரீட்சை எழுதியிருப்பது உங்களுக்குப் பெரிய சாதகம். பல இடங்களில் ‘இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல்’ என்ற நிபந்தனை இருப்பதால், உங்கள் கையில் எஞ்சியிருப்பது ஒரு தடவை என்று எண்ணிச் செயற்படுங்கள். அவசரப்பட்டு இந்த ஆண்டே எழுதிப் பார்க்கலாம் என்று அதை வீணாக்க வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, அதாவது பாடசாலை வழியாக அல்லாமல், தோற்றுவதற்கு உங்கள் வயது தடையல்ல. பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும்போது இணையவழியில் விண்ணப்பித்தால் போதும். கணிதத்தோடு இன்னும் ஒன்றிரண்டு பாடங்களையும் சேர்த்து எழுதுங்கள். கணிதம் கைவிட்டாலும் ஆறாவது பாடம் கிடைத்துவிடும்.

கணிதப் பயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் மலைகளில் படிப்பை நிறுத்திய பலரை நிறுத்தியது இந்தப் பாடந்தான். அவர்களுள் பெரும்பாலானோருக்குக் கணக்கு வராது என்பது உண்மையல்ல, தொடர்ந்து கற்பிக்க ஆசிரியர் இருக்கவில்லை என்பதே உண்மை. சாதாரண சித்தியான ‘எஸ்’ பெற 35 புள்ளிகள் போதும். முதலாம் பத்திரத்தில் இரண்டு புள்ளிகள் வீதம் 25 சிறு வினாக்களும், பத்துப் புள்ளிகள் வீதம் ஐந்து வினாக்களும் உண்டு. அந்தச் சிறு வினாக்களையே தினமும் ஐந்து வீதம் செய்து பழகியவர்கள் தோற்றுப்போனதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

உங்கள் சின்னக் கொப்பியை வைத்தே இரண்டாம் பத்திரத்தின் ஒரு வினாவைக் காட்டுகிறேன். ஒரு மாதத்தில் 20 நாட்கள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 10 முதல் 14 கிலோ வரை பறித்த நாட்கள் 3, 14 முதல் 18 வரை 6, 18 முதல் 22 வரை 8, 22 முதல் 26 வரை 3. இந்த எடை இடைவெளிகளைத்தான் பாடநூல் வகுப்பாயிடை என்கிறது. நாட்களின் எண்ணிக்கை மீடிறன். நடுப்பெறுமானங்கள் 12, 16, 20, 24. இவற்றில் 20ஐ எடுகொண்ட இடையாக, அதாவது தற்காலிகச் சராசரியாக வைத்துக்கொண்டால், விலகல்கள் (20இலிருந்து உள்ள வித்தியாசங்கள்) முறையே –8, –4, 0, 4. ஒவ்வொன்றையும் அதன் மீடிறனால் பெருக்கினால் –24, –24, 0, 12, கூட்டினால் –36. அதை 20ஆல் வகுக்க –1.8 வரும். 20இலிருந்து 1.8ஐக் கழித்தால் ஒரு நாளில் பறித்த சராசரி 18.2 கிலோ. இதற்குப் பத்துப் புள்ளிகள். உங்கள் உண்மையான கொப்பியை எடுத்துச் சென்ற மாதத்துக்குச் செய்து பார்த்து இங்கே எழுதுங்கள்.

நீங்கள் எழுதிய காலத்தின் பாடத்திட்டம் இப்போது மாறியிருக்கிறது. பழைய புத்தகங்களை விட்டுவிட்டு, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தரம் 10, 11 பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மகள் தரம் 10க்குச் செல்லும்போது இருவரும் ஒரே புத்தகத்தில் படிக்கலாம். நானும் 2015இல் மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவில் ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்து, அதன் பின்னர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன். வீட்டைச் சுமந்துகொண்டு படிப்பது எத்தகையது என்பதை அறிந்தே இவற்றை எழுதுகிறேன்.

பதில் 3: மின் வேலையாள், நுவரெலியா

அக்காவுக்கு வணக்கம். பரீட்சை எழுதுவதோடு இன்னொரு வழியும் இருப்பதை இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்ல விரும்புகிறேன். நான் தரம் 8உடன் படிப்பை விட்டுத் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) மின் வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்தவன். 11 ஆண்டுகள் வேலை தெரிந்தும் கையில் ஒரு காகிதம் இல்லாததால், எங்கே சென்றாலும் உதவியாளின் சம்பளமே கொடுத்தார்கள்.

தேசிய தொழில் தகைமையில், வேலை செய்து கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று உண்டு; அதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். வகுப்பில் அமர்ந்து படிக்க வேண்டியதில்லை. செய்த வேலைகளின் படங்கள், மேலதிகாரியின் கடிதம், வேலை விபரம் ஆகியவற்றை ஒரு கோவையாகச் சேர்த்துக் கொடுத்தேன். பிறகு மதிப்பீட்டாளர்கள் இருவர் முன்னிலையில் வயரிங் செய்து காட்டினேன். பிழைதேடும் பகுதியில் முதல் தடவை தவறி, இரண்டு மாதங்களில் மீண்டும் செய்து, 3ஆம் மட்டச் சான்றிதழைப் பெற்றேன். இந்தத் தகைமைகள் 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம் வரை செல்கின்றன. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குரியது. சிறுவர் பராமரிப்பிலும் முன்பள்ளிக் கற்பித்தலிலும் இத்தகைமைகள் இருப்பதால், அக்கா அதையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதற்கு முன்பு, நகரத்தில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் 45,000 ரூபாய் கட்டி ஆறு மாதங்கள் ஞாயிறுதோறும் சென்றேன். இறுதியில் கிடைத்த பளபளப்பான சான்றிதழை எந்த இடத்திலும் ஏற்கவில்லை. அம்மா அடகு வைத்த நகையின் பணம் அது. ஆகவே பணம் கட்டும் முன்னர், அந்த நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். நிறுவனம் பதிந்திருந்தாலும் கற்கைநெறி அங்கீகாரம் பெறாதிருக்கலாம். இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பதில் 4: பதுளை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

மகள், படிப்பைப் பற்றி மற்றவர்கள் கூறிவிட்டார்கள். நான் காகிதங்களைப் பற்றி மட்டும் கூறுகிறேன். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, 2006ஆம் ஆண்டுப் பெறுபேற்றுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் பெயரும் தந்தையின் பெயரும் பிறந்த திகதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகளின் பெயர்கள் சிங்களத்தில் பதியப்பட்டு, பாடசாலையில் தமிழில் வேறு விதமாக எழுதப்பட்டு, அடையாள அட்டையில் மூன்றாவது விதமாக வந்திருப்பதை என் சேவைக்காலம் முழுவதும் கண்டேன். நேர்முகப் பரீட்சை வரை சென்று, ஓர் எழுத்துக்காகத் திரும்பி வந்தவர்களின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பழைய பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியில் மீண்டும் பெறலாம்.

கேட்டவரின் பதில்: மேற்பிரிவு, தலவாக்கலை

எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா கேட்டபடி சென்ற மாதக் கொப்பியை எடுத்து, வேலை செய்த 21 நாட்களையும் வகுத்தேன்: 5, 7, 6, 3. முதலில் ஒரு நாளுக்கு 22.7 கிலோ என்று விடை வந்தது. விடையைப் பார்த்தவுடனேயே பிழை என்று தெரிந்துவிட்டது, ஏனெனில் எங்கள் மலையில் சென்ற மாத மழைக்கு அவ்வளவு பறித்திருக்க முடியாது. எங்கே தவறினேன் என்று நானும் மகளும் தேடினோம். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தேன். திருத்தியபோது 17.3 வந்தது. சரியா ஐயா?

பெரியவர் கூறியபடி மூன்று காகிதங்களையும் பார்த்தேன். அடையாள அட்டையில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது. திங்கட்கிழமை அரைப் பேர் (அரை நாள் வேலை) வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் செல்லவிருக்கிறேன். இந்த ஆண்டு விண்ணப்பிக்க மாட்டேன். மகளோடு தரம் 10 புத்தகத்தை முடித்துவிட்டு, கணிதமும் விஞ்ஞானமும் சேர்த்து அடுத்த பரீட்சைக்குத் தோற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன். பண்டாரவளை அக்கா, ஆறு பாடங்கள் கிடைத்த பின்னர் ஹட்டன் நிலையத்துக்கு வருவேன். அப்போது ஒப்படைகளைப் பற்றி உங்களிடம் மீண்டும் கேட்பேன்.