வீட்டில் கட்டிய ஆர்சி கிராலர்: லிங்க் ஏன் எப்போதும் முனையிலேயே ஒடிகிறது?

பாறைப்பல்லி:

எல்லோருக்கும் வணக்கம். பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு ராக் கிராலர், அதாவது ரிமோட்டில் பாறை ஏறுகிற வண்டி, கட்டிக்கொண்டிருக்கிறேன். சேசிஸ் நானே 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டியது, ஆக்ஸில் இரண்டும் கியர்பாக்ஸும் மட்டும் வாங்கியவை. சக்கர இடைவெளி 313 மி.மீ., ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10-2 வண்டிக்கு உள்ள அதே அளவுதான், பின்னால் பாடி தேடும்போது அலைய வேண்டாமே என்று. பேட்டரியோடு சேர்த்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கிற லிங்க் கம்பி முன்னும் பின்னும் நாலு நாலு, சக்கரத்தைத் திருப்புகிற செர்வோ மோட்டார் ஆக்ஸில் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

லிங்கெல்லாம் ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற எம்3 திரெட் ராடு, நீளம் முழுக்க மரை போட்ட கம்பி. வெட்டி, இரண்டு பக்கமும் பந்து மூட்டு உள்ள பிளாஸ்டிக் ராட் எண்டு திருகியிருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டு மாடியில் செங்கல் மேல் ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. செஞ்சிப் பக்கம் கொண்டுபோய் நிஜப் பாறையில் ஏற்றினால் கீழ் லிங்க் வளைகிறது, நிமிர்த்தி மாட்டினால் அடுத்த ஏற்றத்திலேயே ராட் எண்டுக்குள் நுழைகிற இடத்தில் பட்டென்று ஒடிகிறது. எப்போதும் அதே இடம்தான். டைட்டானியம் லிங்க் செட் வாங்கிப் போட்டுவிடலாமா, அல்லது கையாலேயே இதைவிடக் கெட்டியாகச் செய்ய வழி இருக்கிறதா? என்னிடம் லேத் கிடையாது. கை டிரில், ஒரு வைஸ், அரம், ஹேக்ஸா, இவ்வளவுதான்.

லேத்துக்காரன்:

டைட்டானியத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எம்3 ராடு என்று பெயர்தான் 3 மி.மீ., மரைப் பள்ளத்தில் அளந்தால் கிட்டத்தட்ட 2.4தான் நிற்கும். வளைக்கிற விசைக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் போகும் விஷயம். ஆகவே 6 மி.மீ. அலுமினிய ராடு போட்டால், அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு விறைப்புதான் என்றாலும்கூட, உங்கள் திரெட் ராடைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். அப்புறம் கடைத் திரெட் ராடு பெரும்பாலும் 4.6 அல்லது 4.8 கிரேடு, மென்மையான இரும்பு. அதன் ஒவ்வொரு மரைப் பள்ளமும் ஒரு வெட்டுக்காயம், ராட் எண்டின் விளிம்பில் இருக்கிற பள்ளத்தில்தான் எல்லா வளைவும் வந்து குவியும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி அங்கே ஒடிவதில் அதிசயமில்லை.

லேத் இல்லாமல் செய்ய எளிய வழி: 5 மி.மீ. வெளிவிட்டம், 1 மி.மீ. சுவர் உள்ள ஸ்டெயின்லெஸ் குழாய். உங்கள் எம்3 ராடு அதற்குள் சரியாகப் போகும், போகவில்லை என்றால் வெட்டிய வாயில் பிசிறு நிற்கிறது என்று அர்த்தம், டிரில் பிட்டைக் கையில் பிடித்து இரண்டு சுற்று சுற்றினால் போய்விடும். இரண்டு பக்கமும் ராட் எண்டைக் குழாய் முகத்தில் முட்டும்வரை திருகி இறுக்குங்கள். ராடு இழுபட்டு நிற்கும், குழாய் அழுத்தத்தில் நிற்கும், வளைவைக் குழாய் வாங்கிக்கொள்ளும், மரை வெறும் இழுவையை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரே ஒரு இடத்தில் சோம்பேறித்தனம் கூடாது. ஹேக்ஸாவில் வெட்டிய முகம் ஒருநாளும் நேராக இருக்காது. கோணலான முகத்தில் இறுக்கினால் இறுக்கும்போதே ராடு வளையும். குழாயை டிரில் சக்கில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, அரத்தை வைஸில் படுக்கவைத்து, முகத்தை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வந்தால் நேராகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மின்னினால் இன்னும் வேலை இருக்கிறது.

குழாய் கிடைக்காவிட்டால் 6 மி.மீ. அலுமினிய ராடு. 2.5 மி.மீ. துளை, 12 மி.மீ. ஆழம், உள்ளே மரை வெட்ட எம்3 டேப். இங்கேயும் டிரிலைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம், ராடைச் சக்கில் பிடித்து, பிட்டை வைஸில் பிடித்து, சுழல்கிற ராடை பிட் மேல் தள்ளினால் துளை மையத்தை விட்டு அதிகம் விலகாது. மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு டேப் போடுங்கள், அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. மூன்று டேப் உள்ள செட்டில் கடைசி டேப்பையும் போட்டால்தான் அடிவரை மரை விழும். 20 மி.மீ. கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) வாங்கி 10 உள்ளே, 10 ராட் எண்டில். திரெட் ராடு துண்டை அங்கே வைத்தீர்கள் என்றால் பழைய கதைதான்.

மூணாம்கியர்:

லேத்துக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாலு லிங்க் அமைப்பில் லிங்குக்கு வரவேண்டியது இழுவையும் தள்ளலும் மட்டும்தான், இரண்டு முனையிலும் பந்து இருக்கிறதே. அப்படியிருக்க வளைவு எங்கிருந்து வருகிறது? ஒன்று, கல் நேராக லிங்கின் வயிற்றில் இடிக்கிறது. இரண்டு, ஆக்ஸில் ஒரு பக்கம் தூக்கும்போது பந்து தன் எல்லையைத் தொட்டு ராட் எண்டு பிராக்கெட்டின் காதில் முட்டுகிறது. முட்டிய நொடியிலிருந்து அது லிங்க் இல்லை, கடப்பாரை. முனையில் மட்டுமே ஒடிகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் உங்கள் வண்டியில் நடக்கிறது. இதைச் சரிசெய்யாமல் கெட்டியான லிங்க் மாட்டினால் அடுத்து ராட் எண்டு பிளக்கும், அதையும் இரும்பில் மாற்றினால் ஆக்ஸிலில் இருக்கிற பிராக்கெட் பிய்யும்.

சோதனை எளிது. நாலு ஷாக்கையும் கழற்றுங்கள். ஒரு சக்கரத்தை மேலே, எதிர்ச் சக்கரத்தைக் கீழே, ஷாக் விடுகிற எல்லைவரை கொண்டுபோய் வையுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு லிங்கையும் இரண்டு விரலால் பிடித்து அதன் அச்சிலேயே திருகிப் பாருங்கள். கொஞ்சமாவது அசைய வேண்டும். கல் மாதிரி நிற்கிற லிங்க் எதுவோ அதுதான் குற்றவாளி, ஒடிந்த லிங்க்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று இல்லை. பல நேரம் மேல் லிங்க் முட்டும், பழி கீழ் லிங்கில் விழும்.

தீர்வு: பந்துக்கு இரண்டு பக்கமும் கூம்பு வடிவ ஸ்பேசர், குறுகிய பக்கம் பந்தைப் பார்த்து. தட்டையான வாஷர் போட்டால் ராட் எண்டு அதன் விளிம்பிலேயே முட்டும். பிராக்கெட்டின் காதுகள் மிக நெருக்கமாக இருந்தால் உள்பக்கம் அரத்தால் சாய்த்து எடுங்கள்.

பிரிண்ட்பிரியன்:

நான் எல்லா லிங்கையும் 3டி பிரிண்டில் எடுத்திருக்கிறேன், பிஎல்ஏ பிளாஸ்டிக், நூறு சதவீத இன்ஃபில், அதாவது உள்ளே வெற்றிடமே இல்லாமல். செலவு டீக்காசுதான். ஒடிந்தால் இன்னொன்று.

லேத்துக்காரன்:

@பிரிண்ட்பிரியன், படுக்கவைத்து பிரிண்ட் செய்து உள்ளே ஒரு இரும்பு ராடு ஓடவிட்டிருந்தால் சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நிற்கவைத்து எடுத்தது அடுக்கோடு அடுக்காகக் கழன்றுவிடும். அதைவிட, பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் காருக்குள் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்ப் பாருங்கள். அளவு சரிபார்க்க மாதிரி எடுக்க மட்டும் பிரிண்ட் அருமையான விஷயம்.

பாறைப்பல்லி:

@மூணாம்கியர் அண்ணே, அப்படியே இருக்கிறது! முன்பக்க மேல் லிங்க் இரண்டும் சக்கரம் பாதி தூக்கும்போதே இறுகிவிடுகின்றன. ஸ்பேசர் போடுகிறேன். ஆனால் கீழ் லிங்கில் கல் இடிப்பதும் உண்மைதான், அடியில் கீறல் கீறலாக இருக்கிறது. கடையில் விற்கிற மாதிரி நடுவில் மேல்நோக்கி வளைத்த லிங்க் செய்யலாமா? எந்த உலோகம்?

மூணாம்கியர்:

செய்யலாம். 7075 ரக அலுமினியத்தை மட்டும் வளைக்காதீர்கள், விரிசல் விடும். 6061 ரக அலுமினியம் அல்லது 304 ரக ஸ்டெயின்லெஸ் திட ராடு எடுங்கள். நான் கீழ் லிங்குக்கு ஸ்டெயின்லெஸ்தான் போடுவேன், அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு எடை, அந்த எடை தரைக்குப் பக்கத்திலேயே இருந்தால் வண்டி எளிதில் கவிழாது. மேல் லிங்கு அலுமினியமாக லேசாகவே இருக்கட்டும். டைட்டானியம் நல்ல பொருள்தான், ஆனால் எடை இரண்டுக்கும் நடுவில், விறைப்பும் இரும்பைவிடக் குறைவு, கொடுக்கிற காசுக்கு மூன்று கிலோ வண்டியில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

வளைத்த லிங்கில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு முனையும் பந்து என்பதால் லிங்க் தானாகச் சுழன்று வளைவு கீழே தொங்கும், அப்போது நேர் லிங்கைவிட மோசம். சேசிஸ் பக்க ராட் எண்டைப் பிராக்கெட்டுக்குள் பக்கவாட்டு இடைவெளி அதிகம் இல்லாமல் உட்கார வையுங்கள், ஆக்ஸில் பக்கத்தைத் தாராளமாக விடுங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது திருகலை ஆக்ஸில் பக்கப் பந்து ஒன்றே சமாளித்துக்கொள்ளும். வளைவும் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் வேண்டாம், தள்ளுகிற விசையில் அதிகம் வளைந்த லிங்க் இன்னும் வளையத்தான் பார்க்கும்.

லேத்துக்காரன்:

நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் இரண்டு 3 மி.மீ. ஸ்க்ரூவைத் தேவையான மைய இடைவெளியில் நட்டு, இடது வலது லிங்க் இரண்டும் அதில் இழுக்காமல் உட்காருகிறதா என்று பாருங்கள். எம்3 மரையில் ராட் எண்டை அரைச்சுற்று திருப்பினால் 0.25 மி.மீ. மாறும், அதற்குமேல் நுணுக்கம் தேவைப்படாது. ஒரு பக்கம் ஒரு மில்லி கூடினால் ஆக்ஸில் சாய்ந்து வண்டி ஒருபக்கமாக இழுக்கும். மரை கழலாமல் பிடிக்கிற பசை லாக்டைட் 243 உலோகத்துக்குள் போகிற பக்கம் மட்டும் ஒரு சொட்டு, பிளாஸ்டிக் ராட் எண்டில் வேண்டாம், அது தன் பிடியிலேயே நிற்கும்.