மாட்டு ரத்தத்துல ஈயம் டெஸ்ட் எங்க எடுப்பாங்க?

வணக்கம் நண்பர்களே, எங்க ஊர் பக்கத்துல பழைய பேட்டரிய உருக்கி ஈயம் எடுக்கிற பட்டறை ஒண்ணு ஓடுது, அந்தப் புகை படியுற புல்லத்தான் மாடுங்க மேயுது. இப்ப ஒரு கன்னுக்குட்டி பல்ல நறநறன்னு கடிக்குது, எச்சில் ஒழுகுது, கண்ணு தெரியாம சுவத்துல போய் முட்டுது. ஈயம் ஏறுனா இப்படித்தான் மூளைய தாக்கும், அதுலயும் கன்னுங்களுக்கு சீக்கிரம் ஏறும், ஆனா வெறிநோய்லயும் பி1 வைட்டமின் குறைஞ்சாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும்ங்கறதால டெஸ்ட் பண்ணாம டாக்டரால உறுதியா சொல்ல முடியல. கையுறை இல்லாம யாரையும் அது வாய்கிட்ட விடறதில்ல.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில இந்த டெஸ்ட் எடுப்பாங்களா, ரத்தத்த எந்த ட்யூப்ல அனுப்பணும்? உடம்புல ஏறுன ஈயத்த வெளியேத்துற கால்சியம் இடிடிஏ ஊசி எங்க கிடைக்கும்? பால்லயும் ஈயம் இறங்கும், பக்கத்து வீட்டு கொழந்தைங்க எங்க மாட்டுப் பாலத்தான் குடிச்சிட்டு இருந்தாங்க, இப்போதைக்கு ஊத்துறத நிறுத்திட்டேன், ரொம்ப பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.