இயற்கை இதழுக்குப் பறவைக் குறிப்பு அனுப்பிய அனுபவங்கள்

திருநெல்வேலியிலிருந்து:

கட்டுரையில் பாதிக்கு மேல் குளத்தங்கரையிலேயே முடிந்துவிட வேண்டும் என்பேன். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் நடை அழகாக வரும், தகவல் நிற்காது.

எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருவது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒன்றின் கழுத்தில் பச்சைப் பட்டை. பறவை ஆய்வாளர்கள் மங்கோலியாவில் கோடையில் சிறகு உதிர்ந்து பறக்க முடியாமல் இருக்கும்போது பிடித்து மாட்டி விடுகிறார்கள். பட்டையில் வெள்ளை நிறத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கும். வாத்தோ தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டே இருந்தது. நிமிர்கிற நொடியில் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தோம். நான் படித்ததை நண்பருக்குச் சொல்லவில்லை. அவரும் தனியே படித்துத் தன் நோட்டில் எழுதினார். பிறகுதான் ஒப்பிட்டோம். நேரம், வெளிச்சம் எந்தப் பக்கம், வாத்து எவ்வளவு தூரத்தில், கூட்டத்தில் எத்தனை என்று எல்லாம் அங்கேயே குறித்தாகிவிட்டது.

ஓர் இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் குழுவிலிருந்து வந்த மடல் முழுக்கக் கேள்விகள். பட்டையின் எழுத்தைப் படித்தது ஒருவரா இருவரா? படத்தில் எழுத்து தெரிகிறதா? வெட்டாத மூலப் படம் இருக்கிறதா? பட்டை மாட்டியவர்களுக்குத் தெரிவித்தீர்களா? எல்லாவற்றுக்கும் நோட்டைப் பார்த்தே பதில் எழுத முடிந்தது. முகம் தெரியாத ஒருவர் நம் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு பக்கக் குறிப்புதான், ஆனால் அதில் இருக்கும் எதையும் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. எங்கள் ஊர் ஆர்வலர்கள் நடத்தும் காலாண்டிதழுக்கு வருகிற கட்டுரைகளைச் செப்பம் செய்வது என் பொறுப்பு. வரித்தலை வாத்து பற்றி யார் எழுதினாலும் 'எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே பறக்கும்' என்று ஒரு வரி வந்துவிடும். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில் பதிவான மிக அதிக உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட்டோ 8,848 மீட்டர். பெரும்பாலும் அவை கணவாய்களையும் பள்ளத்தாக்குகளையும் ஒட்டித் தாழ்வாகவே கடக்கின்றன. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் சிறகடிக்கக் கூடுதல் உழைப்பு தேவை என்பதால் அப்படிச் செய்கின்றன. எனக்கு இதுதான் பெரிய வியப்பாகப் படுகிறது. கேள்விப்பட்ட வரியை எழுதுவதற்கு முன் அது யார் அளந்தது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அனுப்பும் முறை பற்றியும் சொல்கிறேன். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் வந்தால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, மெய்ப்புப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம். படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம், சுருங்கிவிடும். கேமராவில் இருக்கிற கோப்பையே தனியாக அனுப்புங்கள். எடுத்தவர் பெயரும் தேதியும் கட்டாயம். தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் அது முதலில் வரும் இடத்தில் அறிவியல் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். நாங்கள் பக்கம் ஒதுக்கிய பிறகு அது வேறோர் இதழில் வந்திருந்தால், அந்த இடத்துக்குக் காத்திருந்த இன்னொருவரின் கட்டுரை போய்விடுகிறது.

தருமபுரியிலிருந்து:

அக்கா, நான் பள்ளி ஆசிரியர். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தை கூடு வைத்திருந்ததைப் பற்றி மாணவர்களோடு சேர்ந்து எழுதி அனுப்பினோம். ஊர்ப் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டிருந்தோம். ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், மாந்திரீகத்துக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதழில் மாவட்டத்தின் பெயர் மட்டும் வந்தது, கூட்டின் படத்தையும் விட்டுவிட்டு ஆந்தை கக்கிய எலும்பு உருண்டைகளின் படத்தைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பிரித்துப் பார்த்து எலி மண்டையோட்டை அடையாளம் கண்ட பகுதி வெட்டில்லாமல் வந்தது. இப்போதெல்லாம் மடலின் முதல் வரியிலேயே 'இடம் ஆசிரியர் குழுவின் பார்வைக்கு மட்டும்' என்று எழுதிவிடுகிறேன்.