வீட்டுக் கணினிக்கு எந்த இலவச வைரஸ் கார்ட் போடுவது?

கேள்வி: கோண்டாவில் ஆசிரியை

வணக்கம். நான் பாடசாலையில் கணக்கியல் கற்பிக்கிறேன். தவணைப் பரீட்சை வினாத்தாள்களையும் செயலட்டைகளையும் வீட்டுக் கணினியில் தட்டெழுதி, பென்ரைவில் எடுத்துச் சென்று, திருநெல்வேலிச் சந்திக்கு அருகிலுள்ள ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுப்பது என் வழக்கம். சென்ற மாதம் அவ்வாறு போய் வந்த பென்ரைவை வீட்டில் திறந்தபோது, கோப்புறைகள் இருந்த இடத்தில் அதே பெயர்களுடன் ஷோர்ட்கட்டுகள் மட்டுமே இருந்தன. மூன்றாந் தவணை வினாத்தாள் முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் பென்ரைவை போமற் செய்துவிட்டு, இரண்டு இரவு விழித்திருந்து எல்லாவற்றையும் மீண்டும் தட்டெழுதினேன்.

இனி இப்படி நேரக்கூடாது என்பதற்காக ஒரு வைரஸ் கார்ட் (வைரஸைத் தடுக்கும் மென்பொருள்) போட நினைக்கிறேன். கணினி திருத்திய கடையில் அவாஸ்ற் போடச் சொன்னார்கள். உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஏவிஜி சிறந்தது என்கிறார். கனடாவில் இருக்கும் மைத்துனர் அவிராவைப் பரிந்துரைக்கிறார். உயர்தரம் படிக்கும் மகனோ விண்டோஸுடன் வருவதே போதும் என்று பிடிவாதமாக நிற்கிறான். மூன்றின் இணையத்தளங்களையும் வாசித்துப் பார்த்தும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. கணினி நான்காம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. இணையம் மாதத்துக்கு அளவிட்ட டேட்டாவுடன் வரும் றவுட்டரில்தான். இவற்றுள் எதைப் போடலாம்? பாதுகாப்புக்காக இரண்டைச் சேர்த்துப் போடலாமா?

பதில் 1: சுன்னாகம், கணினி திருத்துநர்

ரீச்சருக்கு வணக்கம். மூன்றுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் பிழை இல்லை, ஏனெனில் இன்று அந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவாஸ்ற், ஏவிஜி இரண்டும் செக் நாட்டில் தனித்தனி நிறுவனங்களாகப் பிறந்தவை. 2016இல் அவாஸ்ற் 130 கோடி டொலர் கொடுத்து ஏவிஜியை வாங்கியது. ஜெர்மனியின் அவிராவை நோர்ட்டன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பின்னர் 2022 செப்டெம்பரில் நோர்ட்டனும் அவாஸ்றும் இணைந்தன. இப்போது இந்த நான்கு பெயர்களும் ஜென் டிஜிற்றல் என்ற ஒரே நிறுவனத்துக்கு உரியவை. அவாஸ்றுக்கும் ஏவிஜிக்கும் உள்ளே இயங்கும் எஞ்சின்கூட ஒன்றுதான். நிறமும் பொத்தான்களின் இடமும் மாத்திரம் வேறு. ஆகவே அவாஸ்றா ஏவிஜியா என்று தலையை உடைப்பதில் பயன் இல்லை.

இரண்டைச் சேர்த்துப் போடவே வேண்டாம். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அதைச் சோதிக்கப் பார்க்கும். 4 ஜிபி ராமும் பழைய டிஸ்க்கும் உள்ள கணினியில் வேர்ட் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். வேறொரு வைரஸ் கார்ட் உட்கார்ந்தவுடன், விண்டோஸுடன் வரும் வைரஸ் கார்டான டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி மைக்ரோசொவ்ற் அமைத்திருப்பதும் இந்த மோதலைத் தவிர்க்கத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலவசம் என்பதற்கு எங்கோ ஒரு விலை இருக்கும். அவாஸ்ற் தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விபரங்களை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளிவந்தது. அந்தத் துணை நிறுவனம் உடனே மூடப்பட்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அவாஸ்றிடம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் வசூலிக்கத் தீர்மானித்தது. அந்த வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது என்பது உண்மை. ஆனாலும் நம்முடைய எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் உரிமையை ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கும்போது அதன் கடந்த காலத்தை அறிந்து கொடுப்பது நல்லது.

பதில் 2: நல்லூர், வலையமைப்பு நிர்வாகி

அக்காவின் மகன் சொன்னது சரி என்பதே என் கருத்து. டிஃபெண்டர் பலவீனமானது என்ற பேச்சு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உண்மையாக இருந்தது. அந்தப் பெயர் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. ஜெர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி ரெஸ்ற் ஆய்வுகூடம் பாதுகாப்பு, வேகம், பாவனை ஆகிய மூன்றுக்கும் 6 வீதம் மொத்தம் 18 புள்ளிகள் இடுகிறது. அண்மைய ஆண்டுகளில் பல சுற்றுகளில் டிஃபெண்டர் அந்த 18ஐயும் முழுமையாகப் பெற்றிருக்கிறது. அவாஸ்றும் அவிராவும் அதே அளவில்தான் நிற்கின்றன. அவ்வாறிருக்க, விளம்பரச் சாளரமும் "பணம் கட்டிய பதிப்புக்கு மாறுங்கள்" என்ற வற்புறுத்தலும் இல்லாத ஒன்று கணினியில் ஏற்கெனவே இருக்கும்போது வேறொன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. அளவிட்ட டேட்டாவில் இருக்கும் உங்களுக்குப் புதிதாக ஒன்றை இறக்குவதும் வீண் செலவு.

அக்கா கவனிக்க வேண்டிய பெரிய விடயம் விண்டோஸ் 10தான். அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. உங்கள் நான்காம் தலைமுறைக் கணினியை மைக்ரோசொவ்ற் விண்டோஸ் 11க்கு ஏற்காது. டிஃபெண்டர் வைரஸ்களை இனங்காண உதவும் அடையாளங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொவ்ற் அறிவித்திருக்கிறது. ஆனால் விண்டோஸின் சொந்த ஓட்டைகளை எந்த வைரஸ் கார்டாலும் அடைக்க முடியாது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். எனவே அப்டேற் பக்கத்தில் ஓராண்டுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களில் பதிவுசெய்யுங்கள். மைக்ரோசொவ்ற் கணக்கால் உள்நுழைந்து கணினி அமைப்புகளை ஒத்திசைக்க இணங்கினால் அதற்குப் பணம் கேட்பதில்லை.

பதில் 3: பருத்தித்துறை வாசகர்

மேலே எழுதிய இருவருடனும் ஓரிடத்தில் முரண்படுகிறேன். டிஃபெண்டரின் வலிமையில் பெரும்பகுதி மைக்ரோசொவ்றின் சேவையகத்திடம் கேட்டு முடிவெடுப்பதில் இருக்கிறது. ஆசிரியையின் சிக்கல் பென்ரைவில் வருவது. டேட்டா முடிந்தோ றவுட்டர் அணைந்தோ இருக்கும் நேரத்தில் பென்ரைவைச் செருகினால், டிஃபெண்டரிடம் இருப்பது கணினியில் இறக்கி வைத்த அடையாளங்கள் மாத்திரமே. இணையமில்லாத நேரத்தில் பிற்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு இதைவிட நன்றாகக் காக்கிறது என்பது என் அனுபவம். அது ருமேனிய நிறுவனத்தினுடையது, மேலே சொன்ன குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நிறுவும்போது ஒரு கணக்குத் திறக்க வேண்டும் என்பது மட்டுமே குறை.

பதில் 4: சுன்னாகம், கணினி திருத்துநர்

பருத்தித்துறை நண்பர் சொன்ன காரணம் நியாயமானது. 8 ஜிபி ராம் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 4 ஜிபியில் பிற்டிஃபெண்டர் ரீச்சருக்குப் பாரமாக இருக்கும். டிஃபெண்டரையே வைத்துக்கொண்டு, பென்ரைவைச் செருகும் முன் றவுட்டரைப் போடுவதைப் பழக்கமாக்கினால் போதுமானது.

ஆனால் ரீச்சர், உங்கள் கதையில் என் மனதை வருத்தியது வேறு. உங்கள் வினாத்தாள் அழிந்திருக்காது. உங்கள் பென்ரைவில் தொற்றிய, புழு எனப்படும் வைரஸ் வகை கோப்புறைகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்டை வைக்கிறது. அதைச் சொடுக்கும்போது முதலில் புழு ஓடும், பிறகு உண்மையான கோப்புறையும் திறக்கும். அதனால் பலருக்கு நாட்கணக்கில் ஐயமே வருவதில்லை. வைரஸ் கார்ட் புழுவை நீக்கிய பின்னும் கோப்புறைகள் மறைந்தே இருக்கும். எல்லாம் போய்விட்டது என்று எண்ணிப் பென்ரைவை போமற் செய்த எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். இனி அப்படி நேர்ந்தால் எதையும் சொடுக்காமல் முதலில் டிஃபெண்டரால் பென்ரைவைச் சோதியுங்கள். பின்னர் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவின் குறியை எடுத்துவிடுங்கள். புழு அவற்றைக் கணினியின் சொந்தக் கோப்புகள் போலவும் குறித்துவைப்பதால்தான் இந்த இரண்டாவது படி வேண்டியிருக்கிறது.

கடைக்கென்று தனியாக ஒரு சிறிய பென்ரைவ் வைத்திருங்கள். அதில் அன்று அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப் மாத்திரம் இருக்கட்டும். வினாத்தாளின் மூலப் பிரதி ஒருபோதும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. வினாத்தாள் அந்தப் பென்ரைவிலேயே மறைந்து கிடந்தது என்று வாசித்தபோது சிறிது நேரம் எழும்பாமல் இருந்துவிட்டேன். மகனுடன் இருந்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பார்த்ததில் டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருந்தது. சோதிக்காமல் விடவேண்டிய இடங்களின் பட்டியலில் சீ ட்ரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. இதை யார் செய்திருப்பார்கள்?

பதில் 5: நல்லூர், வலையமைப்பு நிர்வாகி

அக்கா, பெரும்பாலும் உரிமமில்லாத விண்டோஸையோ ஒஃபிஸையோ திறந்துவிடும் கருவியை யாரோ ஓட்டியிருப்பார்கள். டிஃபெண்டர் அதைத் தடுக்கும் என்பதால் முதலில் டிஃபெண்டரை அணைத்துவிடுவது பலரின் வழக்கம். அந்தப் பட்டியலை முற்றாக நீக்கி, டிஃபெண்டரைப் போட்டு, அதிலுள்ள ஒஃப்லைன் ஸ்கானை ஓட்டுங்கள். கணினி அணைந்து மீண்டும் தொடங்கி, விண்டோஸ் எழும்பும் முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் அளவில் முடியும். பிறகு ஐகார் என்ற சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். 68 எழுத்துக்கள் கொண்ட தீங்கற்ற கோப்பு அது. டிஃபெண்டர் உயிருடன் இருந்தால் அதை உடனே பிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் ஆசிரியை

ஒஃப்லைன் ஸ்கான் இரண்டு கோப்புகளை நீக்கியது. ஐகார் கோப்பை இறக்கி முடிவதற்குள் டிஃபெண்டர் பிடித்துவிட்டது. கடைக்கென்று 8 ஜிபி பென்ரைவ் ஒன்று வாங்கி, அதன் மூடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.