ஜி.என்.எம். முடித்தவுடன் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேரலாமா?

கேள்வி (மயூர் விஹார், தில்லி):
வணக்கம். மதுரையில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று மாதங்களாக இங்கே அக்கா வீட்டில் இருக்கிறேன். விண்ணப்பித்த மருத்துவமனைகள் எல்லாம் அனுபவம் கேட்கின்றன. 40 படுக்கைகள் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மட்டும் ஸ்டாஃப் நர்ஸாகச் சேரச் சொல்கிறார்கள். அங்கே போனால் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் கானுலா போடுவதுகூடக் கைமறந்துவிடுமோ, பிறகு எந்த மருத்துவமனையும் ஏறெடுத்துப் பார்க்காதோ என்று அஞ்சுகிறேன். நர்ஸ் வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு எழுதும் எண்ணமும் உண்டு.

பதில் 1 (ஜனக்புரி):
தங்கைக்கு வணக்கம். நானும் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் பதினான்கு மாதங்கள் இருந்துவிட்டுத்தான் மருத்துவமனை வார்டுக்கு வந்தேன். வார்டில் நான்கைந்து நாளில் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். இல்லத்திலோ அதே முகத்தையும் அதே உடம்பையும் நாள்தோறும் பார்ப்பதால், சிறு மாற்றமும் கண்ணில் பட்டுவிடும். ஒவ்வொரு காலையும் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்காட்டும் பெரியவர் ஒருவர், ஒரு நாள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, என்னைத் தம் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். காய்ச்சல் இல்லை. வயதாகிவிட்டது, மறதி என்றார்கள் கூட இருந்தவர்கள். மறதி நோய் மெல்ல மெல்லத்தான் வரும், ஒரே இரவில் வந்த குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று மருத்துவரை அழைத்தேன். சிறுநீரில் தொற்று இருந்தது. குதிகாலில் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அறிவதும் அங்கே கற்றதுதான். இன்றும் வார்டில் என்னைக் காப்பாற்றுவது அந்தக் கண்தான்.

ஆனால் நான் இருந்த இடத்தில் இரவில் எல்லாப் படுக்கைகளுக்கும் நான் ஒருத்தியே நர்ஸ். ஒரு பாட்டி மூச்சுத் திணறியபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை தொலைபேசியில் மருத்துவர் சொன்னதைச் செய்துகொண்டு நின்றதை நினைத்தால் இன்னும் உடல் நடுங்குகிறது. புதிதாக வருபவரை அப்படித் தனியே விடுவது பெரும் தவறு. எனவே இரவு டியூட்டியில் உடன் மூத்த நர்ஸ் இருப்பாரா என்று கேட்காமல் சேராதீர்கள்.

பதில் 2 (ஆர்.கே. புரம்):
மேலே அக்கா சொன்னது உண்மை. ஆனால் நார்செட்டை மனத்தில் வைத்திருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். ஜி.என்.எம். படித்தவர்களிடம், படிப்பு முடிந்த பிறகு குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். இந்த 40 படுக்கை இல்லத்தில் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அது கணக்கில் வராது. பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்கள் மேற்கொண்டு படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆகவே ஓர் ஆண்டு என்று மனத்தில் கெடு வைத்துச் சேர்ந்து, அதற்குள் மருத்துவமனைக்கு மாறப் பாருங்கள். தில்லி நர்சிங் கவுன்சில் பதிவுக்கான வேலையையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 50 படுக்கை விதி எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை நேரில் போய் இரவு டியூட்டியைப் பற்றிக் கேட்கிறேன். கானுலா விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது.

பதில் 1:
எனக்கும் கைமறந்துதான் போயிருந்தது. வார்டில் சேர்ந்து, மூத்த நர்ஸ் பக்கத்தில் நிற்க நாள்தோறும் போட்டதில் மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.